மாக்ஸ் பெரூட்ஸ்: தூரத்து உறவால் துலங்கிய உருவம்

நம் குருதிக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். நாம் உள்ளிழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனை நுரையீரலில் ஏற்று, உடலின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பது அதன் பணி. உயர்ந்தோர் எனத் தம்மைச் சொல்லிக் கொள்வோர் உடலிலும், தாழ்த்தப்பட்டோர் உடலிலும் அது செய்யும் தொண்டு ஒன்றே. அந்தப் புரதத்தின் உருவத்தை முதன்முதலில் கண்டறிந்து உலகுக்குக் காட்டியவர் மாக்ஸ் பெரூட்ஸ். அதற்கு அவர் செலவிட்ட காலம் 22 ஆண்டுகள்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அயல்நாட்டு அறிவியலாளர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று நம் இளைஞர் கேட்கக்கூடும். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நாம் பலமுறை படித்திருக்கிறோம்; அது நமக்கு நெருங்கிய உறவினரின் வரலாறு. பெரூட்ஸின் வரலாறோ தூரத்து உறவினரின் வரலாறு. தூரத்து உறவாலும் பயன் உண்டு என்பதை அறிவியல் வழியாகவே மெய்ப்பித்தது அவரது ஆய்வுக் கூடம். ஆகவே இதை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

செல்வத்தில் பிறந்தவர்

1914ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் மாக்ஸ் பெரூட்ஸ் பிறந்தார். தந்தையார் ஹியூகோ, தாயார் அடேல். இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்திர நூற்பும் நெசவும் கொண்டு பெரும்பொருள் ஈட்டிய ஆலை உரிமையாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வறுமையில் பிறந்து வளர்ந்தவர் பெரூட்ஸ் என்று சொல்வது பொய்யாகும். நமக்கு இல்லாதிருந்த பலவும் இளமையில் அவருக்கு இருந்தன. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

மகன் சட்டம் பயின்று குடும்பத் தொழிலைக் கவனிக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ஆனால் பள்ளியில் ஒரு நல்லாசிரியர் அவருக்கு வேதியியலில் ஆர்வத்தை ஊட்டிவிட்டார். 1932இல் வியன்னா பல்கலைக் கழகத்தில் சேர்ந்த பெரூட்ஸ், உயிர்ப் பொருள்களின் வேதியியலை நாடினார். அத்துறையில் அந்நாளில் கேம்பிரிட்ஜ் பெயர் பெற்றிருந்தது. 1936இல் தந்தையாரின் பண உதவியுடன் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக் கூடத்தில் ஜே. டி. பெர்னால் என்ற பேரறிஞரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவற்றின் உருவத்தைக் காணலாம் என்று நம்பியவர் பெர்னால். அப்படி நம்பியவர்கள் அந்நாளில் மிகச் சிலரே.

எந்தப் புரதத்தை ஆராய்வது என்ற கேள்விக்கு விடை அளித்ததும் ஓர் உறவே. 1937இல் பெரூட்ஸ் பிராக் நகருக்குச் சென்று, தம் ஒன்றுவிட்ட சகோதரியின் கணவரான ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் என்ற அறிஞரைக் கண்டார். ஹௌரோவிட்ஸ் ஹீமோகுளோபினை ஆராய்ந்து வந்தவர். அவருடன் நிகழ்ந்த உரையாடலின் பயனாகப் பெரூட்ஸ் அதையே தமக்குரிய பொருளாக எடுத்துக் கொண்டார். கேம்பிரிட்ஜில் ஜி. எஸ். அடேர் என்பவர் குதிரைக் குருதியிலிருந்து ஆக்கிய படிகங்களை அவருக்குக் கொடுத்து உதவினார்.

பிறப்பைக் கேட்ட சட்டம்

1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. பெரூட்ஸின் முன்னோர் யூதர். பெரூட்ஸோ கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். ஆனால் நாஜிகளின் சட்டம் ஒருவன் எதை வழிபடுகிறான் என்று பார்க்கவில்லை. அவனுடைய பாட்டனும் பாட்டியும் யார் என்று பார்த்தது. சமயம் மாறினாலும் பிறப்பு விடாது என்னும் கொடுமையை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தின் ஆலைகள் பறிக்கப்பட்டன. பெற்றோர் அகதிகள் ஆயினர். நேற்றுவரை செல்வர் மகனாக இருந்தவர் இன்று கையில் பொருளற்றவர் ஆனார்.

அவ்வேளையில் கேவண்டிஷ் ஆய்வுக் கூடத்தின் தலைமையை ஏற்க வந்தார் சர் லாரன்ஸ் பிராக். எக்ஸ் கதிர்களால் படிகங்களின் அமைப்பைக் காணும் கலைக்குத் தம் தந்தையாருடன் சேர்ந்து அடித்தளமிட்டவர் அவர். பெரூட்ஸ் காட்டிய ஹீமோகுளோபின் படங்களைக் கண்ட பிராக், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதி உதவியைப் பெற்று, 1939ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து அவரைத் தம் ஆய்வு உதவியாளராக அமர்த்திக் கொண்டார். அந்த வருவாயின் துணையால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பெரூட்ஸ் தம் பெற்றோரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு படிப்பு உதவித் தொகை ஓர் உயிரை மட்டுமன்றி ஒரு குடும்பத்தையே காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஆயினும் துன்பம் தொடர்ந்தது. தாய்நாட்டில் யூதர் என்று ஒதுக்கப்பட்டவர், 1940இல் இங்கிலாந்தில் பகை நாட்டார் என்று கைது செய்யப்பட்டார். கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பி, அங்கே முகாமில் அடைத்தனர். அம்முகாமிலும் அடைபட்ட அறிஞர்கள் ஒன்றுகூடி இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினர். பெரூட்ஸும் அதில் பங்கு கொண்டார். 1941ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விடுதலை பெற்றுக் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1942இல் ஜிசெலா என்ற அம்மையாரை மணந்தார்.

பாதி மட்டும் தெரிந்த கணக்கு

பெரூட்ஸ் எதிர்கொண்ட சிக்கல் என்ன என்பதை நம் மாணவர்கள் விளங்கிக் கொள்ள வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு, பின் சுருண்டு மடிந்து ஓர் உருவம் கொண்ட மூலக்கூறு. எந்த உருப்பெருக்கிக் கண்ணாடியாலும் அதன் அணுக்களைக் காண இயலாது. ஆனால் அதைப் படிகமாக்கினால் கோடானுகோடி மூலக்கூறுகள் அணிவகுப்பில் நிற்பவர்போல் ஒழுங்காக நிற்கும். அப்படிகத்தினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால், அவை சிதறிப் படத்தாளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பதியும்.

ஒவ்வொரு புள்ளியின் கருமையை அளந்தால் அங்கு வந்து விழுந்த அலையின் வலிமை தெரியும். ஆனால் அலையின் முகடு எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது படத்தாளில் பதிவதே இல்லை. வலிமை, முகட்டின் நிலை ஆகிய இரண்டும் தெரிந்தால்தான் கணக்கிட்டு உருவத்தை வரைய முடியும். இயற்கை பாதிக் கணக்கைக் கையில் கொடுத்து மறுபாதியை மறைத்துக் கொண்டது. உப்பு போன்ற சிறு பொருள்களில் ஊகத்தால் அதை ஈடு செய்யலாம். ஏறக்குறைய பத்தாயிரம் அணுக்கள் கொண்ட ஹீமோகுளோபினில் ஊகம் எடுபடுமா?

எடுபடவில்லை என்பதைப் பெரூட்ஸ் பட்டே அறிந்தார். பல்லாண்டு உழைத்து 1949இல் அவர் வெளியிட்ட மாதிரி உருவம், கோல்களை அடுக்கினாற்போன்ற எளிய அமைப்புடையதாக இருந்தது. 1951இல் அவரிடமே ஆய்வு மாணவராக இருந்த பிரான்சிஸ் கிரிக், அது பிழை என்பதை எல்லார் முன்னிலையிலும் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங், புரதச் சங்கிலி திருகுபோல் சுருளும் வகையைக் கண்டறிந்து வெளியிட்டார். பிராக்கும் பெரூட்ஸும் அவருடைய துணைவர் ஜான் கெண்ட்ரூவும் தேடித் தவறவிட்ட உண்மை அது. பெரூட்ஸ் மனம் புழுங்கியிருக்கலாம். ஆயினும் பாலிங்கின் கட்டுரையைப் படித்த அன்றே ஆய்வுக் கூடத்திற்கு விரைந்து, குதிரை மயிரை எக்ஸ் கதிரில் வைத்து, அந்தத் திருகுச் சுருள் உண்மை என்பதற்குப் புதிய சான்றைத் தாமே கண்டெடுத்தார். போட்டியாளரின் உண்மைக்குச் சான்று தேடித் தந்த பண்பு, எண்ணி எண்ணிப் போற்றத் தக்கது.

1953இல் வழி பிறந்தது. ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு பாதரச அணுக்களை ஒட்டவைத்தார் பெரூட்ஸ். பாதரசம் கனமான அணு. அது சேர்ந்ததால் படிகத்தின் ஒழுங்கு குலையவில்லை. ஆனால் புள்ளிகளின் கருமை அளந்தறியும் அளவுக்கு மாறியது. அந்த மாற்றத்திலிருந்து பாதரசம் இருக்கும் இடத்தையும், அதிலிருந்து அலை முகடுகளின் நிலையையும் படிப்படியாகக் கணக்கிடலாம். மறைந்திருந்த மறுபாதிக் கணக்கு வெளிப்படத் தொடங்கியது.

இரு புரதங்களின் உறவு

இம்முறையைக் கைக்கொண்டு முதலில் வெற்றி கண்டவர் கெண்ட்ரூ. தசைகளில் ஆக்சிஜனைத் தேக்கி வைக்கும் மயோகுளோபின் என்ற சிறிய புரதத்தை அவர் திமிங்கிலத்திலிருந்து எடுத்து ஆராய்ந்தார். 1958இல் அதன் உருவத்தை முதன்முதலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் பெரூட்ஸின் குழுவினர் ஹீமோகுளோபினின் உருவத்தைக் கணிப்பொறியின் துணையால் கண்டனர். 1960ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது அச்சேறியது. 23 வயதில் ஹீமோகுளோபினைக் கையிலெடுத்தவர் அதன் உருவத்தைக் கண்டபோது 45 வயதினர்.

அங்கே ஒரு வியப்புக் காத்திருந்தது. ஹீமோகுளோபின் நான்கு உறுப்புகள் கொண்டது. குதிரையின் குருதியிலிருந்து வந்த அந்த நான்கில் ஒவ்வொன்றும், திமிங்கிலத்தின் தசையிலிருந்து வந்த மயோகுளோபினைப் போன்றே மடிந்திருந்தது! அமினோ அமிலங்களை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் நூற்றுக்கு ஏறக்குறைய 25 இடங்களில்தான் ஒத்திருக்கின்றன. மற்ற இடங்களில் எல்லாம் வேறுபாடு. வரிசையை மட்டும் பார்ப்பவர் உறவில்லை என்றே சொல்லிவிடக்கூடும். உருவமோ உறவை மறைக்கவில்லை. பின்னாளில் அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் உள்ள ஒரு புரதமும் இதே வகையில் மடிந்திருப்பது கண்டறியப்பட்டது.

உறவினர் உருவம் ஒத்திருக்குமானால், தெரிந்த உருவத்தைக் கொண்டு தெரியாத உருவத்தைக் காண இயலாதா? இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டவர் மைக்கேல் ராஸ்மன். 1930இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்குத் தப்பி வந்த மற்றோர் அகதி அவர். 1958இல் பெரூட்ஸின் குழுவில் சேர்ந்து, ஹீமோகுளோபின் கணக்குகளுக்கான கணிப்பொறி நிரல்களை எழுதியவர். அவரும் டேவிட் புளோவும் 1962இல் வெளியிட்ட கட்டுரையே மூலக்கூறு மாற்றீட்டு முறை என வழங்கும் முறைக்கு வித்து.

அதன் கருத்து எளியது. புள்ளிகளின் வலிமையிலிருந்து, முகட்டின் நிலை தெரியாமலேயே, அணுக்களுக்கு இடையிலுள்ள தொலைவுகளின் தொகுப்பு ஒன்றைக் கணக்கிட முடியும். தெரிந்த உறவினரின் உருவத்தை எல்லாத் திசைகளிலும் சுழற்றிச் சுழற்றி, அதன் தொலைவுகள் புதிய படிகத்தின் தொலைவுகளோடு எப்போது மிகுதியும் பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். பொருந்தும் திசை கிடைத்ததும் படிகத்துக்குள் அதற்கு உரிய இடத்தைத் தேட வேண்டும். திசையும் இடமும் கிடைத்துவிட்டால், உறவினரின் உருவத்திலிருந்து முகடுகளின் நிலையைக் கணக்கிட்டு, புதிய படிகத்தில் அளந்த வலிமையோடு சேர்த்து முதல் படத்தை வரையலாம். பாதரசம் இல்லாமலேயே மறைந்த பாதிக்கு ஓர் ஈடு கிடைத்துவிடுகிறது.

மாமன் மகன் சட்டையை நம் பிள்ளைக்குப் பிரித்துத் தைப்பதோடு இதை ஒப்பிடலாம். துணி புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் தோளை இறக்க வேண்டும், கையைக் குறைக்க வேண்டும். நெருங்கிய உறவானால் வேலை குறைவு. அமினோ அமில வரிசை நூற்றுக்கு 30க்கும் கீழே ஒத்திருக்கும் தூரத்து உறவானால் வேலை கடினம். பலமுறை பொருந்தாமலே போகும். 20க்கும் கீழே சென்றால் முன்னாளில் வெற்றி அரிது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முகடுகளின் நிலையை உறவினரிடமிருந்து கடன் வாங்கியிருப்பதால், வரையும் படத்தில் உறவினரின் முகமே மீண்டும் மீண்டும் தோன்றும். பிள்ளையை அளக்காமல் சட்டையையே அளக்கும் தையற்காரரின் பிழை அது. ஆகவே ஒவ்வொரு படியிலும் சொந்தப் படிகத்தில் அளந்த அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே வர வேண்டும். இவ்வாறு ஆக்கிய உருவங்கள் சரிதானா என்று சோதிக்க உலகெங்கும் பயன்படும் கருவிகளுள் ஒன்று, சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1963இல் வெளியிட்ட வரைபடம் என்பது நாம் பெருமை கொள்ளத் தக்க செய்தி.

புகழும் பணியும்

1962இல் பெரூட்ஸுக்கும் கெண்ட்ரூவுக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக் கூடம் தனிக் கட்டடத்தில் தொடங்கப்பெற்றது. 1947இல் பெரூட்ஸும் கெண்ட்ரூவும் மட்டுமே கொண்டு தொடங்கிய சிறு பிரிவின் வளர்ச்சியே அது. 1979 வரை பெரூட்ஸ் அதன் தலைவராக இருந்தார். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் உணவகம் ஒன்றை அங்கே அவருடைய துணைவியார் அமைத்து நடத்தினார். பல நாடுகளிலிருந்து வந்தோர் பதவி வேறுபாடின்றி உடனமர்ந்து பேசிய அக்கூடத்திலிருந்து நோபல் பரிசு பெற்றோர் பலர். தலைவரான பின்னும் பெரூட்ஸ் தம் கையால் ஆய்வு செய்வதை விடவில்லை. ஹீமோகுளோபினின் ஓர் உறுப்பு ஆக்சிஜனை ஏற்றதும் மற்ற உறுப்புகளும் எளிதில் ஏற்பது எவ்வாறு என்பதை 1970இல் அவர் விளக்கினார்.

அந்த ஆய்வுப் பிரிவின் பணி நம் நாட்டு எளிய மக்களையும் தொட்டது. குருதியணுக்கள் அரிவாள்போல் வளைந்து வருத்தும் நோய்க்கு, ஹீமோகுளோபினின் 146 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியில் ஒன்றே ஒன்று மாறியிருப்பதுதான் காரணம் என்பதை அங்கே பணியாற்றிய வெர்னன் இங்கிராம் 1956ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தார். அந்நோயின் கூறு நீலகிரி மலைவாழ் மக்களிடம் இருப்பதை 1952இல் வெளிப்படுத்திய ஹெர்மன் லேமன், பின்னாளில் பெரூட்ஸுடன் இணைந்து, மாறுபட்ட ஹீமோகுளோபின்கள் நோய் தருவது எவ்வாறு என்று 1968இல் எழுதினார்.

பெரூட்ஸ் 2002ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தம் 87ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் மறைந்தார். இறுதி ஆண்டுகளிலும் நரம்பு நோய் ஒன்றிற்குக் காரணமான புரதங்களை ஆராய்ந்து கொண்டிருந்தார்.

அவருக்குப் பின் அந்த வழி அகன்றது. 1971இல் புரத உருவங்களுக்கான பொதுக் களஞ்சியம் தொடங்கியபோது அதில் இருந்தவை 7 உருவங்கள். இன்று அது 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய படிகங்களில் பெரும்பாலானவை உறவினரின் உருவத்தைக் கொண்டே தீர்க்கப்படுகின்றன. மிகத் தூரத்து உறவினரின் உருவத்தையும் கணிப்பொறியில் திருத்திச் செப்பனிட்டால் பயன்படுத்தலாம் என்று டேவிட் பேக்கரின் குழுவினரும் பிறரும் 2011இல் காட்டினர். அமினோ அமில வரிசையிலிருந்தே உருவத்தைக் கணிக்கும் கலைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், புதிய புரதங்களைக் கணிப்பொறியில் வடிவமைத்தமைக்காகப் பேக்கரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கணிப்புக்குப் பாடமாக அமைந்ததும் களஞ்சியத்தில் சேர்ந்த உருவங்களே. அவற்றின் தலைவரிசையில் நிற்பவை மயோகுளோபினும் ஹீமோகுளோபினும்.

நாம் கொள்ள வேண்டியது

முதல் உருவத்தைக் கண்டவர்களுக்கு எந்த முன்மாதிரியும் இல்லை. ஆகவே 22 ஆண்டுகள் ஆயின. அவர்களுக்குப் பின் வந்தோர்க்கு அந்த உருவமே முன்மாதிரி ஆயிற்று. ஆகவே ஆண்டுகள் மாதங்களாகவும் நாள்களாகவும் குறைந்தன. நம் சேரிகளிலிருந்து முதன்முதலில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவர்களும், முதன்முதலில் கல்லூரி வாயிலை மிதித்தவர்களும் பட்ட பாடு நாம் அறியாததா? விண்ணப்பத்தை நிரப்புவது எப்படி என்று சொல்லித்தரவும் வீட்டில் ஆளில்லை. காலம் வீணாயிற்று என்று அவர்களை எவரும் எண்ண வேண்டா. மற்றவர்க்கு முன்மாதிரியாக ஆவதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இன்று படிக்கும் இளைஞர்க்குச் சொல்ல இரண்டு உண்டு. உங்கள் வீட்டில் படித்தவர் இல்லையெனில் தெருவில் தேடுங்கள். தெருவில் இல்லையெனில் அடுத்த ஊரில் தேடுங்கள். அங்கும் இல்லையெனில் வியன்னாவிலிருந்து விரட்டப்பட்ட ஒருவரின் வரலாற்றிலாவது தேடுங்கள். நூற்றுக்கு 25 ஒத்திருந்தாலும் தொடங்குவதற்கு அது போதும். ஆனால் கடன் வாங்கிய முகத்தையே உங்கள் முகம் என்று எண்ணி நின்றுவிடாதீர்கள். உங்கள் வாழ்க்கையை நீங்களே அளந்து, பொருந்தாதவற்றை நீக்கி, உங்களுக்குரிய உருவத்தைக் காணுங்கள்.

கண்டபின், அதைக் களஞ்சியத்தில் சேர்க்க மறவாதீர்கள். நம் சங்கத்தின் மாலை நேரப் படிப்பகத்தில் ஒரு வகுப்பு எடுப்பதும், ஒரு மாணவனுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பித் தருவதும் அந்தச் சேர்க்கையே. பின்னால் வரும் தூரத்து உறவினர் ஒருவருக்கு அது என்றேனும் பொருந்தும்.